வாசகர் கேள்வி – பதில்: திரும்பும் வழி யார் கையில்?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும், கடிதத்தின் தலைப்பில் ‘வட ஆர்க்காடு’ என்றே எழுதும் வாசகர்கள் நமக்கு உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில், சொந்த நாட்டை இழந்து வாழ்வது பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம். சட்டம், காணி, கூத்து, சமையல் என்று எங்கெங்கோ போனாலும் எல்லாக் கேள்விக்கும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: திரும்பிப் போகும் வழி யார் கையில் இருக்கிறது?

கேள்வி: நாடுகடத்தப்பட்டவர், அகதி, புலம்பெயர்ந்தவர், தாயகம் திரும்பியவர். செய்திகளில் இவற்றை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். என்னதான் வேறுபாடு?
– காட்பாடி வாசகர்

வெளியே போனது எப்படி என்று பார்ப்பதைவிட, திரும்பி வரும் உரிமை என்ன ஆயிற்று என்று பாருங்கள். சிக்கல் தீர்ந்துவிடும்.

அரசே ஒருவரைப் பிடித்து வெளியே அனுப்பி, திரும்பி வராதே என்று எழுதி வைத்தால் அது நாடுகடத்தல். உயிருக்குப் பயந்து தானே ஓடி வந்து, போனால் ஆபத்து என்பதால் போக முடியாமல் இருப்பவர் அகதி. ‘கதி’ என்றால் போக்கிடம். அது இல்லாதவர் அகதி. இந்தச் சொல்லின் பாரம் பிடிக்காமல் ‘ஏதிலி’ என்று எழுதுவோர் உண்டு. தமிழக அரசு 2021-ல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. அந்த ஆண்டு நவம்பர் 2 அன்று முகாம்களுக்கான புதிய வீட்டுத் திட்டம் தொடங்கியதும் நம் வேலூர் மேல்மொணவூரில்தான். பெயர் மாறியது நல்லது. ஆனால் சட்டத்தில் அவர்கள் நிலை அதனால் மாறிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புலம்பெயர்ந்தவர் என்பது பழைய சொல், பரந்த சொல். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து இனிது வாழ்ந்த வெளிநாட்டு வணிகர்களைப் ‘புலம்பெயர் மாக்கள்’ என்றது. அவர்கள் விரும்பி வந்தவர்கள், காற்றுத் திரும்பினால் கப்பலேறிப் போகிறவர்கள். இன்று யாழ்ப்பாணத்திலிருந்து கனடா போனவரையும் அதே சொல்லால் குறிக்கிறோம்.

‘தாயகம் திரும்பியோர்’ என்பதுதான் இந்த நான்கில் மனதை அறுக்கும் சொல். வட ஆர்க்காடு, சேலம், திருச்சி போன்ற மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவானது. மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கண்டியில் பிறந்து, மலைக் குளிரிலேயே வளர்ந்தவருக்கு இங்கே ‘திரும்பி வந்தவர்’ என்று அட்டை கொடுத்தார்கள். பார்த்தே இராத ஊருக்கு எப்படித் திரும்புவது? அவர்களுடைய உண்மையான இழப்பு அந்தச் சொல்லுக்குள் மறைந்துபோனது. உங்கள் பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், ‘உங்க சொந்த ஊர் எது?’ என்று கேட்காதீர்கள், ‘எந்தத் தோட்டம்?’ என்று கேளுங்கள். பேசத் தொடங்கிவிடுவார்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்கு ஒருநாள் அழைத்துப் போகிறேன். நாடுகடத்தல் என்றால் என்ன என்று புரியும்படி எதைக் காட்டலாம்?
– ஆர்க்காடு ஆசிரியை

இதற்கு வேலூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. அந்தக் கோட்டையே நாடிழந்தவர்களை வைக்கும் இடமாக இருந்தது.

காலை வெயில் ஏறுவதற்குள் ஜலகண்டேசுவரர் கோயிலில் தொடங்குங்கள். கோட்டை படைவீரர் கைக்குப் போன காலத்தில் கோயில் பல நூற்றாண்டுகள் மூலவர் இல்லாமல் கிடந்தது. லிங்கம் சத்துவாச்சாரியில் வைத்து வழிபடப்பட்டு, 1981 மார்ச் 16-ல்தான் திரும்ப வந்து அமர்ந்தது. ஊரைவிட்டு வெளியே இருத்தல் என்பதைப் பிள்ளைகள் இதைக் கொண்டே புரிந்துகொள்வார்கள்.

அடுத்து மகால்கள். திப்பு சுல்தான் 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்ததும் அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு, இங்கே இருந்தால் ஆபத்து என்று கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். ஆக, நாடுகடத்தப்பட்ட இடத்திலிருந்தே இன்னொரு நாடுகடத்தல். அந்தக் குடும்பத்தாரின் கல்லறைகள் கோட்டைக்கு வெளியே, கிழக்கில் இருக்கின்றன. 1990-களில் திப்பு மகாலிலேயே இலங்கைத் தமிழரைக் காவலில் வைக்கும் சிறப்பு முகாமும் நடந்தது. மகால்களை வெளியிலிருந்து பார்த்தால் போதும். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாளைத் தவிருங்கள்.

மாலையில் பாலாற்றங்கரை முத்து மண்டபம். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனின் கல்லறை இருக்குமிடம் இது. தமிழக அரசு 1990-ல் மண்டபம் கட்டியது. இங்கே கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். அவருடைய இயற்பெயர் கண்ணுசாமி, நாயக்கர் வழி. 1798-ல் பட்டத்துக்கு வந்தார். 1815 பிப்ரவரி 18-ல் பிடிபட்டார். மார்ச் 2-ல் கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1816 ஜனவரியில் குடும்பத்தோடு கொழும்பில் கப்பலேற்றி, சென்னை வழியாக வேலூர் கொண்டுவந்தார்கள். 1832 ஜனவரி 30-ல் இங்கேயே இறந்தார்.

பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டியது அந்த ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு. அரசரின் உறவினரான ஆண்கள் யாரும், உறவினர் என்று சொல்லிக்கொள்பவரும்கூட, ஆங்கில அரசின் எழுத்து அனுமதி இல்லாமல் எந்தக் காரணத்துக்காகவும் கண்டி நாட்டுக்குள் நுழையக்கூடாது. நுழைந்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை. முன்பே வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆண்களுக்கும் இதே தடை. அந்தக் காலத்து ஆங்கிலேயர் தமிழரை மலபார் என்றுதான் எழுதினார்கள். ‘எழுத்து அனுமதி’ என்ற இரண்டு சொல்லை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். கோட்டைச் சுவரையும் அகழியையும்விட அந்தத் தாள்தான் அவரை இங்கே பிடித்து வைத்தது. லண்டனுக்குக் கொண்டுபோன அவருடைய அரியணை 1934-ல் இலங்கைக்குத் திரும்பிவிட்டது. அவர் பாலாற்றங்கரையில் இருக்கிறார்.

கேள்வி: முகாமில் இருக்கிறோம். இரண்டு பிள்ளைகளும் வேலூரில் பிறந்தவை. இலங்கைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டோம். இப்போது செய்ய முடியுமா? என்னென்ன தாள் வேண்டும்?
– மேல்மொணவூர் வாசகர்

முடியும். தயவுசெய்து இனியும் தள்ளிப் போடாதீர்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் பதிய வேண்டும் என்பது இலங்கைச் சட்டம். தாமதமானால் கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பிறப்புப் பதிவு ஒன்று, குடியுரிமைப் பதிவு இன்னொன்று. இரண்டும் ஒன்றே என்று நினைத்து முதலாவதோடு திரும்பிவிடுகிறவர்கள் பலர். இரண்டுக்கும் சேர்த்தே கேளுங்கள்.

தாள்கள்: பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் (பிள்ளையின் பெயர் சேர்த்து, ஆங்கிலமும் இருப்பதாக), தாய், தகப்பன் இருவரின் இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், இருவரின் இலங்கை அடையாள அட்டையோ பழைய கடவுச்சீட்டோ எது உண்டோ அது, திருமணப் பதிவுச் சான்று, முகாம் அடையாள அட்டை.

இதில் கால் இடறுவது திருமணச் சான்றில்தான். முகாமுக்குள் கோயிலில் தாலி கட்டியதோடு நின்றிருப்பீர்கள். இலங்கைப் பிறப்புப் பதிவில் பெற்றோர் மணமானவர்களா என்று ஒரு கட்டம் உண்டு. சான்று இல்லாவிட்டால் அங்கே தகப்பன் பெயர் ஏறுவதே சிக்கலாகும். முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் 2009-ம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி திருமணத்தைப் பதிந்துகொள்ளுங்கள். பிறகு தூதரகம்.

அடுத்த இடறல் பெயர். அங்கே செல்வராசா, இங்கே முகாம் பதிவேட்டில் எழுதியவர் தன் காதுக்குக் கேட்டபடி ‘செல்வராஜ்’ என்று எழுதியிருப்பார். பள்ளியில் அது ‘எஸ். செல்வராஜ்’ ஆகியிருக்கும். சிவலிங்கம் ஒரு தாளில் ஆங்கில ‘எஸ்’ மட்டும் போட்டு, இன்னொன்றில் ‘எஸ், எச்’ இரண்டும் போட்டு வந்திருக்கும். நமக்கு ஒரே ஆள். கோப்பைப் பார்ப்பவருக்கு இரண்டு ஆள். வீட்டில் உள்ள எல்லாத் தாளையும் பாயில் பரப்பி, ஒரு நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொருவர் பெயரும் ஒவ்வொரு தாளில் எப்படி இருக்கிறது என்று எழுத்து எழுத்தாக எழுதுங்கள். பிறந்த தேதிக்கும் ஊர்ப் பெயருக்கும் அதே வேலை. எந்தத் தாள் மற்றவற்றோடு ஒட்டவில்லை என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். மூலமாக எடுத்துக்கொள்ள வேண்டியது பெற்றோரின் இலங்கைப் பிறப்புப் பத்திரம். மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். தலைகீழாகச் செய்யப் போனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

பெற்றோரின் பத்திரமே கடலில் போய்விட்டதா? பிறப்புப் பதிந்த இடத்துப் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்கலாம். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் பிறந்த தேதி, பெற்றோர் பெயர், பிறந்த மருத்துவமனை அல்லது கிராமம் சொன்னால் தேடுவார்கள். அங்குள்ள உறவினர் ஒருவர் நேரில் போவது தபாலைவிடப் பலமடங்கு வேகம். பிரதேச செயலகப் பதிவேடு போரில் அழிந்திருந்தால், கொழும்பு மாளிகாவத்தையிலுள்ள மத்திய பதிவேட்டு அறையில் இரண்டாம் படி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பதிவே நடக்காதிருந்தால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. கிராம அலுவலர் கடிதம், பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு போன்றவை அதற்கு உதவும்.

நீங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தைச் சேர்ந்த குடும்பமாக இருந்து, உங்கள் பெற்றோர் நாடற்றவர்களாகவே வந்திருந்தால், இலங்கை 2003-ல் கொண்டுவந்த இந்திய வம்சாவளியினருக்கான குடியுரிமைச் சட்டமும் 2009-ல் இந்திய முகாம்களில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்ட அதன் திருத்தமும் உங்களுக்குப் பொருந்தும். தூதரகத்தில் இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் முத்திரை மை மங்கும், பின்பக்கக் கையெழுத்தைச் சரிபார்க்க முடியாது, பிரிக்கவே வராது. மடிப்பில் கிழிந்திருந்தால் செல்லோ டேப்பும் வேண்டாம். சில ஆண்டில் பசை பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும். தடித்த அட்டை மேல் வைத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூடி இறுகும் டப்பாவில், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் மழைக்காலத்து ஈரமும் கரையானும்தான் எதிரி. இரு பக்கமும் ஸ்கேன் எடுத்து, ஊரிலும் வெளிநாட்டிலும் உள்ள இரண்டு உறவினருக்கு அனுப்பி வையுங்கள்.

கேள்வி: நான் 1986-ல் முகாமில் பிறந்தவன். தம்பி 1989. இருவரில் எனக்கு மட்டும் இந்தியக் குடியுரிமை உண்டு என்கிறார்கள். நம்பலாமா?
– குடியாத்தம் வாசகர்

நம்பலாம். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராயினும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்கிறது 1955-ம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு. 1987 ஜூலை 1-லிருந்து பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகிவிட்டது. 1986-ல் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில் பிறந்த ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் விண்ணப்பத்தோடு அந்தத் தீர்ப்பின் நகலை இணையுங்கள்.

உங்களிடம் இந்தியப் பிறப்புச் சான்று இருக்க வேண்டும். பிறப்பே பதியப்படாதிருந்தால், பதிவு இல்லை என்ற சான்றை உள்ளாட்சியில் வாங்கி, தாமதப் பதிவுக்கான உத்தரவுக்குக் கோட்டாட்சியரிடம் போங்கள். ஓராண்டு தாண்டிய பதிவுக்கு முன்பு நீதிமன்ற நடுவர் உத்தரவு தேவைப்பட்டது. பின்னர் அது வருவாய்த் துறை அதிகாரிகளிடம் வந்துவிட்டது. மருத்துவமனைப் பதிவு, தடுப்பூசி அட்டை, முகாம் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறிய தேதி ஆகியவை உதவும்.

தம்பிக்கு இந்த வழி இல்லை. 2019 திருத்தச் சட்டமும் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் மூன்றை மட்டுமே பேசுகிறது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு தந்தது. அது நிம்மதி; குடியுரிமை அல்ல. மூன்று ஆண்டு இடைவெளியில் பிறந்த அண்ணன் தம்பி இரண்டு நாட்டவராக ஆவது நியாயமல்ல என்றுதான் நாங்களும் நினைக்கிறோம். தம்பியின் இலங்கைப் பதிவை முந்தைய பதிலில் சொன்னபடி செய்துவிடுங்கள். நீங்கள் மட்டும் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் நிறுத்தி யோசியுங்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் அப்பாவுக்கு நாலு பரப்புக் காணி இருந்தது. வேறு யாரோ இருக்கிறார்களாம். இங்கிருந்தபடி என்ன செய்யலாம்? நாலு பரப்பு என்றால் எவ்வளவு என்றே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.
– ஆம்பூர் வாசகர்

16 பரப்பு ஓர் ஏக்கர். ஆக ஒரு பரப்பு 6¼ சென்ட். நாலு பரப்பு கால் ஏக்கர், 25 சென்ட். இதைப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தோப்பில் அடியளந்து காட்டுங்கள். காணி என்பது கதையாக இல்லாமல் கண்ணுக்குத் தெரியும்.

உறுதி (காணிப் பத்திரம்) கையில் இருக்கிறதோ இல்லையோ, முதல் வேலை அந்தப் பகுதிக் காணிப் பதிவகத்தில் பதிவைத் தேடிப் பிரதி எடுப்பது. உறுதியின் இலக்கம், அதை எழுதிய நொத்தாரிசின் (பத்திரம் எழுதும் சட்ட அலுவலர்) பெயர், ஆண்டு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தேடலாம். எதுவும் தெரியாவிட்டால் காணியின் பெயர் தெரியுமா பாருங்கள். அங்கே ஒவ்வொரு காணிக்கும் பெயர் உண்டு. நாலு எல்லையிலும் அந்நாளில் யார் காணி இருந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

தாமதம் ஏன் ஆபத்து என்றால், பிறர் காணியில் பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் அதைத் தனதென்று கோரலாம் என்று அங்கே சட்டம் இருக்கிறது. போரால் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016-ல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. உங்கள் தேதிகளுக்கு அது பயன்படுமா என்பதை அங்குள்ள சட்டத்தரணி (வழக்கறிஞர்) பார்த்துச் சொல்ல வேண்டும். அவருக்கோ உறவினருக்கோ அற்றோணித் தத்துவம் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுக்கும்போது, பதிவு தேட, வழக்கு நடத்த என்று குறித்த வேலைக்கு மட்டும் கொடுங்கள். விற்க, ஈடு வைக்க அதிகாரம் தரும் பொதுத் தத்துவத்தை நெருங்கிய உறவு கேட்டாலும் கொடுக்காதீர்கள். உறவும் காணியும் ஒன்றாகப் போன குடும்பங்கள் பல.

கேள்வி: என் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று வருஷமாக அனுப்பவில்லை. இதுவும் நாடுகடத்தல்தானே?
– பேரணாம்பட்டு வாசகி

அவருடைய தவிப்பு அதுவேதான், அம்மா. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது: அவருடைய நாடு அவரை வரச் சொல்கிறது. கடவுச்சீட்டு இந்திய அரசின் சொத்து. முதலாளி பிடித்து வைப்பது தவறு. வெளியுறவுத் துறையின் ‘மதத்’ இணையதளத்தில் அவர் பெயர், கடவுச்சீட்டு எண், வேலையிடம் குறிப்பிட்டுப் புகார் பதியுங்கள். அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தை அணுகினால், கடவுச்சீட்டு இல்லாமலே ஒருமுறை நாடு திரும்ப அவசரச் சான்று தருவார்கள். அதற்கு முன், ஓடிப்போனதாக முதலாளி அவர் மேல் புகார் கொடுத்திருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது நிலுவையில் இருந்தால் விமான நிலையத்தில் தடுப்பார்கள்.

கேள்வி: எங்கள் ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாண்டவர் வனவாசத்துக்குத்தான் கூட்டம் அலைமோதுகிறது. போருக்குக்கூட அவ்வளவு இல்லை. ஏன்?
– ஆரணி வாசகர்

பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் கேட்கும் ஊருக்கு, பன்னிரண்டு ஆண்டு காட்டிலும் ஓராண்டு மறைந்தும் வாழ்வது என்றால் என்னவென்று உடம்பிலேயே தெரியும். பஞ்சத்தில் பிழைக்கப் போன குடும்பங்கள் நிறைந்த பூமி இது. அர்ச்சுனன் தபசு அந்த வனவாசத்தில்தான் நடக்கிறது. வேடக்காரர் பாட்டுக்கு ஒரு படியாக உயர்ந்த மரத்தில் ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சையும் விபூதியும் வீசும்போது, கீழே ஈரச் சேலையோடு காத்திருக்கும் பெண்களைப் பாருங்கள். பாஞ்சாலி அத்தனை ஆண்டும் விரித்த கூந்தலோடு இருந்து, துரியோதனன் வீழும் படுகளத்தன்று காலையில்தான் முடிக்கிறாள். இழந்ததை ஒருநாளும் மறக்கவில்லை என்பதற்கு அந்தக் கூந்தலைவிடத் தெளிவான அடையாளம் வேறு இல்லை.

கேள்வி: அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. 1990-ல் வந்தவர். பின்னேரமானால் ஊர்க் கதை ஒன்றையே திரும்பத் திரும்பக் கதைக்கிறார். சாப்பாடு குறைந்துவிட்டது. ‘ஒடியல் கூழ் குடிச்சால் போதும்’ என்கிறார். இங்கே ஒடியலுக்கு எங்கே போவது?
– வாலாஜாபேட்டை வாசகி

முதலில் இது வெறும் ஏக்கமா, வேறு ஏதாவதா என்று பாருங்கள். காலையில் சாப்பிட்டது மறந்து நாற்பது வருடத்து விஷயம் மட்டும் தெளிவாக இருந்தால், வழக்கமான வழியில் தடுமாறினால், அது மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எடை குறைகிறது, சாவைப் பற்றியே பேச்சு என்றால் மனச்சோர்வு. இரண்டுக்கும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனையும் கட்டணமில்லாமல் கிடைக்கும்.

கதையை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஊர் போனதற்கு யாரும் செத்த வீடு கொண்டாடவில்லை, எட்டுச் செலவு செய்யவில்லை. அழுது முடிக்காத துக்கம் அப்படித்தான் திரும்பத் திரும்ப வரும். ஆனால் கேட்கிற விதத்தை மாற்றலாம். ‘ஊர் எப்படி இருந்தது?’ என்றால் பழைய கதையே வரும். கிணறு வீட்டுக்கு எந்தப் பக்கம், துலாவா (ஏற்றம்) கப்பியா, படலையைத் (வேலிக் கதவு) திறந்தால் முதலில் கண்ணில் படும் மரம் எது, அடுத்த வளவு (வீட்டு மனை) யாருடையது என்று கேளுங்கள். புதிய விஷயங்கள் வரும். போனில் பதிவு செய்யுங்கள். ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும், அதற்கு மேல் களைத்துவிடுவார். ஒவ்வொரு பதிவுக்கும் தேதியும் பொருளும் பெயராக வையுங்கள். பேரப்பிள்ளைகள் அங்கால (அந்தப் பக்கம்), பேந்து (பிறகு), படலை என்ற சொற்களை அவர் வாயிலிருந்து கேட்கட்டும். மேலே ஒரு கேள்வியில் ஆம்பூர் வாசகர் தேடும் காணி எல்லைகளும் இப்படித்தான் கிடைக்கும்.

இனி ஒடியல், அதாவது காயவைத்த பனங்கிழங்கு. பனை இங்கேயும் இருக்கிறது. பொங்கல் சமயத்தில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் பனங்கிழங்கு கட்டுக் கட்டாக வரும். அவிக்காத பச்சைக் கிழங்காகப் பார்த்து, தடித்ததாக ஐந்து கிலோ வாங்குங்கள். தோலை உரித்து, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, நடுத்தண்டையும் நுனி நாரையும் எடுத்துவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பாயில் பரப்பிக் காயவையுங்கள். ஐந்தாறு நாள் நல்ல வெயில் வேண்டும். தை மாதத்துக் காலைப்பனிதான் இங்கே கெடுக்கும்: மாலையில் உள்ளே எடுத்து, மறுநாள் பனி விலகிய பிறகே வெளியே போடுங்கள். கரும்புள்ளியோ பூஞ்சணமோ கண்ட துண்டைக் கழுவிப் பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள். ஒடித்தால் ‘சடக்’ என்று முறிய வேண்டும், வளைந்தால் காயவில்லை. அவித்துக் காயவைத்தால் அது புழுக்கொடியல், கடித்துத் தின்பதற்கு. கூழுக்குப் பச்சை ஒடியல்தான். இடித்தோ மில்லில் கொடுத்தோ மாவாக்கிச் சலித்துக்கொள்ளுங்கள். மில்காரரிடம் மிளகாய் அரைத்த பிறகு போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆறு பேருக்கு 250 கிராம் மா. சமைப்பதற்குச் சில மணி நேரம் முன்பே நிறையத் தண்ணீரில் கரைத்து வைத்து, மா அடியில் தங்கியதும் மேல்நீரைக் கொட்டுங்கள். இரண்டு முறை நீர் மாற்றினால் கசப்பும் காறலும் போகும். மாற்றாமல் காய்ச்சினால் அம்மாவே முகம் சுளிப்பார். பெரிய பாத்திரத்தில் மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு பிடி அரிசி, கால் கிலோ மரவள்ளிக்கிழங்குத் துண்டு, பத்துப் பதினைந்து பலாக்கொட்டை போட்டு மூடாமல் அவியுங்கள். வெந்ததும் பயற்றங்காய் ஒரு பிடி. இங்கே காராமணிக்காய் என்று கேட்டு வாங்குங்கள். பிறகு அரைக் கிலோ மீன், தலையோடு. கால் கிலோ இறால். கிடைத்தால் இரண்டு நண்டு. கடல் தூரமென்பதால் மீன் வாடியிருந்தால் கூழே கெட்டுவிடும்; அன்று நல்ல மீன் வராவிட்டால் ஏரி மீனும் கொஞ்சம் கருவாடும் போடலாம், அப்போது உப்பைப் பாதியாக்குங்கள். எட்டுப் பத்துச் செத்தல் (காய்ந்த) மிளகாயை மஞ்சளோடு அரைத்து, எலுமிச்சையளவுக்குக் கொஞ்சம் கூடுதலான புளியில் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். அம்மாவின் வயதுக்கு மிளகாயை நாலாகக் குறைத்துக்கொள்ளலாம். கடைசியில் ஒரு பிடி முருங்கையிலையும் கரைத்த மாவும். மாவை ஊற்றும்போது ஒரு கை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டி கட்டியாகிவிடும். சிறுதீயில் பத்து நிமிடம்.

அங்கே பனையோலையை மடித்துச் செய்யும் பிளாவில் குடிப்பார்கள். இங்கே பச்சை ஓலை கிடைத்தால் அம்மாவிடம் கொடுத்துப் பாருங்கள், கை தானாகவே மடிக்கும், கிடைக்காவிட்டால் தொன்னை. கடித்துக்கொள்ளத் தேங்காய்ச் சொட்டு (சில்லு) வையுங்கள். கூழ் ஆற ஆற இறுகும், அதனால் கொஞ்சம் நீர்ப்பதத்திலேயே இறக்குங்கள்.